தேய்ந்த பல்லும் தேயாத பழக்கமும்

உடம்பில் நோவு காணும் வரை உறுப்பின் அருமை தோன்றாது என்பர். இது கண்ணுக்கும் காதுக்கும் பொருந்துவதிலும் பல்லுக்கு மிக நன்றாகப் பொருந்தும். அறுபது ஆண்டுகளாக எனக்குச் சோற்றை அரைத்தும் சொல்லைத் திருத்தியும் தந்த பற்களை நான் ஒரு நாளாவது நன்றியோடு நினைத்ததில்லை. 2014ஆம் ஆண்டு சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், மண்பானையில் தண்ணீர் மொண்டு ஒரு வாய் குடித்தேன். இடப்பக்கத்து மேற்பல்லில் ஊசி ஏற்றியது போன்ற ஒரு கூச்சம் எழுந்து, கண்ணடி வரை சென்று, நொடியில் மறைந்தது. இரண்டாவது வாய்க்கும் அவ்வாறே. மூன்றாவது வாய் குடிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

“சூத்தையாய் இருக்கும். போய்க் காட்டுங்கோவன்” என்றாள் மனைவி.

எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தாறு ஆண்டு ஆசிரியத் தொழில் பார்த்தவன் நான். வெற்றிலை, புகையிலை தீண்டியதில்லை. காலையும் மாலையும் பல் துலக்காது படுத்ததில்லை. அப்படிப்பட்ட என் பல்லிலே சூத்தையா? கராம்பெண்ணெய் தோய்த்த பஞ்சை வைத்துக்கொண்டு இரண்டு கிழமை வீம்போடிருந்தேன். வீம்பு தீர்ந்ததேயன்றி நோவு தீரவில்லை. பிறகுதான் முகம் மழிக்கும் கண்ணாடியை வெளிச்சத்திற் பிடித்து, உதட்டை விலக்கிப் பார்த்தேன்.

சூத்தை இல்லை, கருமை இல்லை, புழுவரித்த குழியும் இல்லை. ஆனால் வேட்டைப்பல்லிலும் அதற்கு அடுத்த இரண்டு பற்களிலும், முரசை ஒட்டிய இடத்தில், மரத்தின் அடியிலே கோடரியால் ஒரு கொத்துக் கொத்தியது போன்ற பள்ளங்கள் இருந்தன. நகத்தை வைத்தால் நகம் அதிலே தங்கிற்று. பல்லுக்கும் கழுத்து உண்டென்பதையும், அந்தக் கழுத்து அறுபடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

அந்த வருடம் ஆவணியில் என் மூத்த மகளுக்குக் கலியாணம். மணமகளின் தகப்பன் சிரிக்கும்போது பல் பள்ளம் தெரியலாகாது என்பது வீட்டாரின் கவலை. பாயாசம் குடிக்கும்போது முகம் சுளிக்கலாகாது என்பது என் கவலை. ஆதலின் அவசர அவசரமாக ஓரிடத்துக்குச் சென்று மூன்று பற்களையும் அடைப்பித்துக்கொண்டேன். பல்லின் நிறத்திலேயே ஒரு பொருளை வைத்து, நீல விளக்கொன்றைப் பிடித்தார்கள். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. எது பல், எது அடைப்பு என்று எனக்கே தெரியவில்லை. கலியாணப் படங்களில் என் சிரிப்பு மிக அழகாக விழுந்திருக்கிறது.

அந்த அழகு எட்டு மாதமே நின்றது. 2015ஆம் ஆண்டு ஒரு நாள் பனாட்டுத் துண்டொன்றை வாயிலிட்டு மென்றபோது, கல் போல ஏதோ நாவிற்பட்டது. எடுத்துப் பார்த்தேன், பளபளவென்று மின்னும் அரிசிமணி அளவான அடைப்பு. அடுத்த மாதம் மற்றொன்றும் விழுந்தது. விழுந்த இடத்தில் பழைய பள்ளமும் பழைய கூச்சமும் அப்படியே காத்திருந்தன.

இம்முறை சிறிது விசாரித்து, நகரத்திலே நல்ல பெயரெடுத்த ஓர் இளம் பல் வைத்தியரிடம் சென்றேன். பேராதனையிற் பயின்றவர். நான் உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து நின்றார்.

“சேர், என்னைத் தெரியவில்லையா? நான்காம் வகுப்பில் உங்களிடம் படித்தேன். 1993ஆம் ஆண்டு.”

முகம் நினைவில் இல்லாவிடினும் ஆண்டு நினைவில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பல பொருள்கள் வராது தடைப்பட்டிருந்த காலம் அது. பற்பசை வாங்க வசதியற்ற பிள்ளைகளுக்காக நான் உமிக்கரியும் உப்பும் இடித்துச் சலித்துப் போத்தலில் அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு செல்வதுண்டு. திங்கட்கிழமை தோறும் வரிசையாக நிறுத்திப் பல் பார்ப்பேன். அதை அவரும் மறக்கவில்லை.

“சேர், ‘விரல் வைத்துத் தேய்த்தால் கிரீச்சென்று சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் பல் துலக்கவில்லை’ என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்?”

ஆமென்று பெருமிதத்தோடு தலையசைத்தேன். அவர் சிரித்தார், ஆனால் உடனே ஆயுதத்தை எடுக்கவில்லை. ஆசிரியர் மாணவனைக் கேட்பது போலக் கேள்வி கேட்கத் தொடங்கினார். தூரிகையைக் குறுக்காக இழுத்துத் தேய்க்கிறீர்களா? எந்தக் கையால்? தேசிக்காய்த் தண்ணீர் குடிப்பதுண்டா? நெஞ்செரிவும் புளியேப்பமும் உண்டா? இரவில் பல் நறுநறுப்பதாக வீட்டில் எவரேனும் சொன்னார்களா? கடைசியாக, “நீங்கள் பல் துலக்கும் தூரிகையை நாளைக்குக் கொண்டு வாருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடைப்பதற்குச் சென்றவன் வீட்டுப்பாடம் பெற்றுக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் தூரிகையைக் காட்டினேன். வாங்கி ஒரு மாதமே ஆகியிருந்த அதன் தும்புகள், முற்றம் கூட்டித் தேய்ந்த தும்புத்தடி போல இருபுறமும் விரிந்து கிடந்தன. அவர் அதை ஒரு வார்த்தையும் பேசாது மேசைமேல் வைத்தார். அதைவிடப் பெரிய கண்டனம் என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை.

அதன்பின் அவர் விளக்கியதையும், நான் பின்னர் வாசித்து அறிந்ததையும் வாசகர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன்.

பல்லின் வெளியே நாம் காணும் வெண்மையான கவசம் எனாமல். மிளிரி என்று பாடப்புத்தகம் கூறும். நிறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கனிப்பொருளாலான இது, மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். மெல்லும் மேட்டிலே தடித்திருக்கும் இக்கவசம், கீழிறங்க இறங்க மெலிந்து, கழுத்தில் ஒன்றுமில்லாது முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வேரை மூடுவது கடதாசி போன்ற ஒரு மெல்லிய படை. அதற்கு உள்ளே இருப்பது டென்ரீன், எனாமலைவிட மிருதுவானது. முரசு கீழ்விட்டு இறங்குமானால் இந்த இளக்கமான பகுதி காற்றுக்கும் தூரிகைக்கும் வெளிப்பட்டுவிடும்.

டென்ரீனிலே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் ஆயிரமாயிரம் உள. அவற்றில் நீர் நிறைந்துள்ளது. குளிரோ காற்றோ இனிப்போ படும்போது அந்நீர் அசைய, அவ்வசைவு உள்ளிருக்கும் நரம்பைத் தூண்டுகிறது. என் மண்பானைத் தண்ணீர் கண்ணடி வரை ஏறியதன் இரகசியம் இதுவே.

இக்கழுத்து ஏன் தேய்கிறது என்னும் வினா நூறாண்டுக்கு மேற்பட்டது. மில்லர் என்னும் பல் ஆராய்ச்சியாளர் 1907ஆம் ஆண்டிலேயே பிடுங்கிய பற்களைப் பற்பொடி கொண்டு தேய்த்துச் சோதித்து, இத்தகைய பள்ளங்கள் உண்டாவதைக் காட்டினார். புளிப்புப் பொருள்களும் இரைப்பையிலிருந்து மேலெழும் அமிலமும் பல்லை இளகச் செய்கின்றன. இளகிய பல்லைத் தூரிகை எளிதில் அரித்துச் செல்கிறது. கடிக்கும் விசை கழுத்திலே திரண்டு அவ்விடத்தைச் சிதைக்கிறது என்ற கொள்கைக்கு 1991இல் கிறிப்போ என்பவர் ஒரு தனிப்பெயர் சூட்டினார். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலும் இக்காரணங்கள் ஒன்றோடொன்று கூடியே வேலை செய்கின்றன. வலக்கைக்காரர் பலருக்கு இடப்பக்கப் பற்கள் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். என் வாயும் அதற்குச் சாட்சி.

“எல்லாப் பள்ளத்தையும் அடைக்க வேண்டியதில்லை, சேர்” என்றார் வைத்தியர். “ஆழமில்லாமலும் நோகாமலும் இருந்தால் பழக்கத்தை மாற்றி, புளோரைட் பூசிக் கவனித்திருக்கலாம். ஆழம் கூடினால், கூச்சம் அடங்காவிட்டால், சாப்பாடு அடைபட்டால், சூத்தை தொடங்கினால், அல்லது முன்னால் அசிங்கமாகத் தெரிந்தால் அடைக்கத்தான் வேண்டும்.”

என் பள்ளங்கள் அடைக்க வேண்டியவை. எதைக் கொண்டு அடைப்பது?

நம் பாட்டன்மார் காலத்து வெள்ளி நிற அமல்கம் இவ்விடத்துக்கு உகந்ததன்று. அது தானாகப் பல்லில் ஒட்டாது; பிடித்து நிற்பதற்கு நல்ல பல்லையும் வெட்டி ஆழப்படுத்த வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த கழுத்தை மேலும் வெட்டுவது எப்படி? ஆதலின் பல்லின் நிறமும் கொண்டு, பல்லிலே ஒட்டவும் வல்ல பொருளே இங்கு வேண்டியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிலிக்கேற்று என்னும் சீமெந்து நிறத்தைத் தந்தது. ஆனால் அது எச்சிலிலே மெல்ல மெல்லக் கரைந்தது. ஒட்டும் வித்தைக்கு வழி திறந்தவர் அமெரிக்கப் பல் வைத்தியர் புவோனோகோர். எனாமலைச் சிறிது நேரம் பொசுபோரிக்கமிலத்தால் நனைத்தாற் பிசின் நன்றாகப் பற்றுகிறதென்பதை அவர் 1955இல் வெளியிட்டார். 1962இல் அதே நாட்டின் போவன் என்பவர், உறுதியான பிசினுக்குள் கண்ணாடித் துகள்களைக் கலந்து அடைக்கும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இன்று கொம்பொசிற் என்று வழங்குவது அதன் வழிவந்ததே.

மற்றொரு வழி இங்கிலாந்திலே பிறந்தது. லண்டனிலுள்ள அரசாங்க இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வில்சன், கென்ற் என்னும் இருவர், 1972இல் கிளாஸ் அயனோமர் என்னும் சீமெந்தைப் பல் வைத்திய உலகுக்கு அறிமுகஞ் செய்தனர். புளோரைட் கலந்த கண்ணாடித் தூளை ஒருவகை அமிலக் குழம்போடு சேர்த்துக் குழைப்பது அது. பழைய சிலிக்கேற்றின் கண்ணாடியும், பல்லை ஒட்டும் இன்னொரு சீமெந்தின் அமிலமும் கூடிப் பெற்ற பிள்ளை என்று சொல்லலாம்.

இனி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கொம்பொசிற் அழகு. பல நிறச்சாயைகளில் கிடைப்பது, மெருகேற்றினால் பல்லைப் போலவே மின்னும், உரசலைத் தாங்கும். ஆனால் அது கோபக்காரப் பிரபு. வைக்கும் இடம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். எச்சிலோ முரசின் இரத்தமோ ஒரு துளி பட்டாலும் பிடிப்புத் தளரும். நேரே பல்லில் ஒட்டாது; இடையிலே ஒட்டுப்பசை வேண்டும். நீல ஒளி பட்டு இறுகும்போது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கும். அச்சுருக்கம் எனாமல் உள்ள மேல்விளிம்பை அசைக்காது. எனாமலற்ற முரசுப்பக்க விளிம்பையே இழுத்துப் பார்க்கும். போதாக்குறைக்கு, நெடுங்காலம் தேய்ந்த டென்ரீனின் முகம் கண்ணாடி போல இறுகி வழவழத்துப் போய்விடுகிறது. அதைச் சிறிது சுரண்டிச் சொரசொரப்பாக்காது ஒட்டினால் பிடிப்பு நிலைக்காது. என் முதல் அடைப்புகள் விழுந்ததற்கு இவையெல்லாம் காரணமாகியிருக்கலாம் என்பது வைத்தியரின் ஊகம். முரசு வீங்கியிருந்த வாயோடு, கலியாண அவசரத்தில், அரைமணி நேரத்திற் செய்து தரும்படி நின்றவன் நானேயன்றோ!

கிளாஸ் அயனோமர் எளிமையான குடியானவன். இடையிலே பசை வேண்டாது பல்லின் கல்சியத்தோடு தானே பிணைந்துகொள்ளும். சிறிது ஈரத்தைப் பொறுக்கும். வெப்பத்தில் விரிவதும் குளிரிற் சுருங்குவதும் ஏறக்குறையப் பல்லைப் போலவே. புளோரைட்டைச் சிறிது சிறிதாகக் கசியவிட்டு, பற்பசையிலிருந்து மீண்டும் சிறிது ஏற்றுக்கொள்ளும். ஆயின், அதன் முகத்தில் மினுக்கம் குறைவு. சுண்ணாம்பு பூசிய சுவர் போல மங்கலாயிருக்கும். எளிதில் தேயும்; விளிம்பு உடையும். குழைத்து வைத்த முதல் நாளில் நீர் கூடினாலும் பழுது, காய்ந்தாலும் பழுது. அதனாலேயே வைத்தவுடன் மேலே ஒரு காப்புப் பூச்சுத் தடவுகிறார்கள்.

இவ்விருவருக்கும் இடையே சமரசம் செய்ய வந்தது, பிசின் கலந்த கிளாஸ் அயனோமர். 1990களின் தொடக்கத்திலே புழக்கத்துக்கு வந்த இது, சீமெந்தைப் போலத் தானே ஒட்டும். கொம்பொசிற்றைப் போல ஒளியில் உடனே இறுகும். சீமெந்தைவிட அழகும் உறுதியும் உடையது. கொம்பொசிற்றின் அழகு இதற்கில்லை. காலம் செல்லச் செல்ல நிறம் சிறிது மாறவுங் கூடும்.

பல நாடுகளில் ஆண்டுக்கணக்காக நோயாளரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் கூறுவதும் இதுபோன்றதே. பற்கழுத்திலிருந்து விழாது நிலைத்து நிற்பதில் கிளாஸ் அயனோமர் வகை முன்வரிசையில் நிற்கிறது. கொம்பொசிற்றின் ஆயுள் அதனை ஒட்டும் பசையின் வகையையும், ஒட்டுபவரின் பொறுமையையும் பெரிதும் பொறுத்துள்ளது. நல்ல பசையோடு நிதானமாகச் செய்தால் அதுவும் நெடுங்காலம் நிற்கும். நிறப் பொருத்தத்திலும் மெருகிலும் கொம்பொசிற்றே மேல்.

“அப்படியானால் எது சிறந்தது?” என்று கேட்டேன். ஆசிரியன் அல்லவா, ஒரு கேள்விக்கு ஒரு விடை எதிர்பார்த்தேன்.

“யாருக்கு, எந்தப் பல்லுக்கு என்று கேளுங்கள், சேர்.”

அவர் முதலில் எதையும் அடைக்கவில்லை. மூன்று கிழமை மெல்லிய தும்புத் தூரிகையால் துலக்கச் சொல்லி, முரசின் வீக்கத்தை ஆற்றினார். பிறகு, சிரிப்பிலே தெரியும் வேட்டைப்பல்லுக்கு உள்ளே கிளாஸ் அயனோமரை ஒரு படையாகவும், மேலே கொம்பொசிற்றை ஒரு படையாகவும் வைத்தார். இட்டலிக்கு மேலே சட்னி போல என்று நான் வீட்டில் விளக்கினேன், மகள் சிரித்தாள். உள்ளே மறைந்திருக்கும் மற்றைய இரண்டு பற்களுக்கும் பிசின் கலந்த கிளாஸ் அயனோமர். அன்று ஒன்றரை மணி நேரம் நாற்காலியிற் கிடந்தேன். பஞ்சுச் சுருள்களை மாற்றி மாற்றி வைத்து ஈரத்தை அவர் காத்த விதம், கண்ணுக்குள் இமை காப்பது போன்றிருந்தது.

இரண்டாண்டு கழித்து, 2017இல், அதே நாற்காலியில் என் மனைவி இருந்தாள். அவளது கதை வேறு. நெடுநாளாக மருந்து உட்கொள்ளுபவளாதலின் எச்சில் சுரப்புக் குறைந்து வாய் வறண்டிருந்தது. அவளுடைய பற்கழுத்துகள் தேய்ந்தது மட்டுமன்றிச் சூத்தையும் பிடிக்கத் தொடங்கியிருந்தன. அவளுக்கு அழகிய கொம்பொசிற் வேண்டுமென்று நான் வாதாடினேன். எனக்கு வேட்டைப்பல்லில் மினுக்கம், அவளுக்கு மட்டும் மங்கற் சீமெந்தா என்பது என் நியாயம். வைத்தியர் இணங்கவில்லை. சூத்தை நாடும் வாய்க்குப் புளோரைட் கசிக்கும் கிளாஸ் அயனோமரே நன்று என்றார். “எனக்கு மினுக்கம் வேண்டாம், சோறு தின்ன வேண்டும்” என்று சொல்லி மனைவி வழக்கைத் தீர்த்துவைத்தாள்.

பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்ட இந்நாளில் கணக்குப் பார்க்கிறேன். என் வேட்டைப்பல்லின் அடைப்பு இன்றும் மின்னுகிறது. முரசோரத்தில் மட்டும் மயிரிழை போன்ற ஒரு பழுப்புக் கோடு விழுந்துள்ளது. மற்றைய இரண்டும் அசையாது நிற்கின்றன. ஆனால் பழைய பீங்கானைப் போல நிறம் சிறிது மங்கிவிட்டன. மனைவியின் அடைப்புகளில் ஒன்று தேய்ந்து குழிந்ததால் மறுபடியும் வைக்க நேர்ந்தது. வைக்குமுன் பார்த்தபோது, அதன் ஓரங்களிற் புதிய சூத்தை இல்லை. எனவே எந்தப் பொருளும் முழு வெற்றி பெறவில்லை, எதுவும் தோற்கவுமில்லை.

இவற்றையெல்லாம் சொல்லியும் நான் இன்னும் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அந்த முதற் சிகிச்சை முடிந்த நாளில், புறப்படும்போது நான் வைத்தியரைக் கேட்டேன்: “பிள்ளை, உன் பற்கள் எப்படி?” அவர் சிறிது தயங்கினார். பிறகு உதட்டின் ஓரத்தை விரலால் விலக்கிக் காட்டினார். இடப்பக்கத்து வேட்டைப்பல்லின் கழுத்தில் ஆழமற்ற, ஆனால் ஐயமற்ற ஒரு பள்ளம்.

“பல் வைத்திய பீடத்துக்குப் போகும் வரை, கிரீச்சென்று சத்தம் கேட்கத்தான் துலக்கினேன், சேர்” என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. ஊர்ச் செய்தி சொல்லுவது போலவே சொன்னார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. முப்பத்தாறு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல். எத்தனை வாய்களிலே என் உமிக்கரியும் உப்பும் உளிவேலை செய்தனவோ! நான் தீங்கு நினைத்துச் செய்யவில்லை. பற்பசை இல்லாத காலத்தில் பல் துலக்காது விடுவதிலும் கரியாலேனும் துலக்குவது நன்று என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் “அழுத்தித் தேய்” என்ற சொல் என்னுடையது. அதை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. என் தகப்பனார் எனக்குச் சொன்னார். நான் அவர்களுக்குச் சொன்னேன். வருத்தி உழைத்தாலே பயன் உண்டு என்னும் நம் ஊர் எண்ணத்தைப் பல்லின் மேலும் ஏற்றிவிட்டோம்.

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஆசிரியர் தின விழாவுக்கு என் பழைய பள்ளிக்கூடத்தார் என்னை அழைத்தனர். மாலை சூட்டினர், இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேச ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மேடையில் ஏறியதும் முன்வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகளின் பற்களே கண்ணிற் பட்டன. கடதாசியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, “பிள்ளைகளே, இந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருடம் நான் ஒரு பாடத்தைப் பிழையாகப் படிப்பித்தேன். அதைத் திருத்த வந்திருக்கிறேன்” என்றேன். பெற்றோர்களாக வந்திருந்த என் பழைய மாணவர் சிலர் முதலிற் சிரித்தனர், பிறகு கேட்டனர்.

அன்று அங்கு சொன்னதையே இங்கும் சொல்லுகிறேன். மெல்லிய தும்புள்ள தூரிகையை வாங்குங்கள். அதைக் கைப்பிடியாகப் பற்றாது, பேனை பிடிப்பது போல விரலாற் பிடியுங்கள். பிடி தளர்ந்தால் அழுத்தமும் தளரும். தும்பின் நுனியை முரசும் பல்லும் சேருமிடத்திற் சரித்து வைத்துச் சிறு சிறு வட்டமாக அசையுங்கள். மரம் அரிவது போலக் குறுக்காக இழுக்க வேண்டாம். புளோரைட் உள்ள பற்பசை போதும். கரியும் உப்பும் மணலும் வேண்டாம். தேசிக்காய், புளி, சோடா ஆகியவற்றை உட்கொண்டவுடன் துலக்காது, தண்ணீரால் வாய் கொப்பளித்துச் சிறிது நேரம் பொறுங்கள். நெஞ்செரிவு தொடர்ந்தால் அதற்கும் வைத்தியரைக் காணுங்கள். பழக்கத்தை மாற்றாது அடைப்பை மட்டும் மாற்றுவது, கூரையை வேயாது ஒழுக்குக்குக் கீழே பாத்திரம் வைப்பதற்கு ஒப்பாகும். பாத்திரம் பொன்னாயினும் மண்ணாயினும் வீடு நனையவே செய்யும்.

என் பேத்திக்கு இப்போது வயது எட்டு. பல் துலக்கும்போது அவள் கையை நான் என் கையால் மெல்லப் பிடித்துக் காட்டுவதுண்டு. “அம்மப்பா, சத்தமே கேட்கவில்லையே!” என்றாள் ஒருநாள்.

“கேட்கக் கூடாது” என்றேன்.